வாப்பாவின் கடனுக்கு நான் பொறுப்பு

எங்களில் ஒருவர் இறந்தால், ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாப்பா இறந்தபோது தாராவிப் பள்ளிவாசலில் அண்ணனும் சொன்னான்: "வாப்பா யாருக்காவது கடன் தரணும்னா எங்கிட்ட கேளுங்க. நான் பொறுப்பு." கேட்டவர்கள் கண்கலங்கிப் போனார்களாம். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். வாப்பாவுக்குக் கடன் கொடுத்த மாமியும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழுதுகொண்டிருந்தார்.

மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. வாப்பாவின் தோல் பட்டறைக்குச் சாப்பாடு கொடுத்துவந்தவர், புருஷனை இழந்தவர். லாக்டவுனில் பட்டறை மூடிக் கிடந்து, கூலி கொடுக்க வழியில்லாமல் வாப்பா தவித்தபோது, வீட்டு டெபாசிட்டுக்கென்று சேர்த்த பணத்தை அப்படியே கொடுத்தார். பத்திரம் எதுவும் எழுதவில்லை. கொடுத்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் மாமி வந்து கேட்டார். இருக்கிற ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டெபாசிட் கட்ட முடியாவிட்டால் மும்பையைத் தாண்டி கல்யாண் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குத்தான் போக வேண்டும், போனால் பிழைப்பும் போய்விடும். விசாரித்துச் சொல்கிறேன் என்றான் அண்ணன். பார்த்தவள் நான் இருக்கும்போது யாரிடம் விசாரிப்பது? மாட்டுங்காவில் ஒரு வக்கீலிடம் போய்விட்டு வந்தான்.

"பணம் குடுத்து மூணு வருஷம் தாண்டிட்டு. இனி கோர்ட்டுல கேஸ் நிக்காது. தர்றோம்னு எதையும் எழுதிக் குடுத்துராதீங்க, அப்புறம் கடன் நம்ம தலையில ஏறிரும்னு வக்கீல் சொல்லுதாரு" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பள்ளியில அத்தன பேரு முன்னால நீ என்ன சொன்ன?"

"அதுக்குப் பேப்பர் இருக்கா?"

"சரி, பட்டறையில என் பங்க எடுத்து அவங்களுக்குக் குடு."

"பட்டறைய விக்கும்போது பாப்போம்" என்றான். அவன் விற்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கென்று தனியாகக் கையில் காசும் இல்லை. அன்றைக்கு என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மாமி மறுபடி வந்தபோது அண்ணன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாப்பா கபுருல நிம்மதியா இருக்கணும் மாமி. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றான்.

"ஒங்க வாப்பாவ மய்யித்து எடுத்த அன்னைக்கே பொறுத்துக்கிட்டேன், தம்பி" என்றார் மாமி. "ஒன்னையத்தான் பொறுத்துக்க மாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அண்டா குண்டாக்களைக் கல்யாணுக்கு டெம்போவில் ஏற்றினோம். அண்ணன் ஜும்ஆ தொழப் போயிருந்தான்.