பிணவறையின் கூரை

பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் உடல்களைக் கழுவித் துடைப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். நாத்தனார்கூட அவள் பக்கத்தில் உட்காரமாட்டாள். கேட்டுக் கேட்டு, தானும் பாதி செத்தவள்தான் என்று அவளே நம்பிவிட்டிருந்தாள்.

ஒருநாள் ராத்திரி ஊர் முழுக்கக் கரண்ட் போனது. மேசையில் ஒரு மூதாட்டி. தேடி வர ஆளில்லாத உடல். இமையை மூடிவிட்டால் மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தது. குனிந்து பார்த்தாள். அந்தக் கண்ணுக்குள் ஏதோ மினுங்கியது.

மெல்லத் தலையைத் திருப்பினாள். உயரத்துச் சன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடந்தன நட்சத்திரங்கள். இத்தனை வருஷமாக இவற்றின் கீழேதான் நடந்துபோய் வந்திருக்கிறாள்!

"இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? நான் வேற மூடி மூடி விட்டேனே. நல்லாப் பாருங்கம்மா."

மறுவாரமே, கதவுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட்டோடு, கறுத்துக் கிடந்த கூரையில் நட்சத்திரம் வரைய ஏணியில் ஏறினாள்.

"உனக்கென்ன பித்தா? செத்தவன் எங்க மேல பாக்கப்போறான்?" என்றார் காவலாளி.

"நிதானமாப் பாக்க அவங்களுக்குத்தாண்ணே நேரம் இருக்கு."

அதன்பிறகு அவர் தனியாக உள்ளே வருவதில்லை. கூரை நிறைய நட்சத்திரங்கள் வந்தன. நடுவே, தானாக வாயில் வந்த இரண்டு வரிகளை எழுதினாள்:

'கதவு சாத்தியாயிற்று, பயப்படாதே.
வானம் உள்ளேதான் இருக்கிறது.'

குளத்தில் மூழ்கிய மகளைப் பார்க்க ஒரு தச்சர் வந்தார். அழவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். சட்டென்று பக்கத்துக் காலி மேசையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார். மூச்சுச் சத்தமே இல்லை. இரண்டு முகங்களும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன.

"யாரு எழுதுனது?" என்றது மேசையிலிருந்து ஒரு குரல்.

"நான்தாங்க." அப்படித் தலை நிமிர்ந்து அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"எம்பொண்ணுக்கு இருட்டுன்னா பயம்மா. இன்னிக்கு ராத்திரி அவளுக்கு இதப் படிச்சுக் காட்டுவியா?"

அன்று ராத்திரி படித்துக் காட்டினாள். இருட்டில்தானே பயம் என்று விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பெண்ணருகே நின்று வாய்விட்டுச் சொன்னாள். குளிர்ந்த சுவர்கள் அதை மெல்லத் திருப்பிச் சொல்லின, இன்னும் யாரோ சேர்ந்து படிப்பதுபோல. அவள் நகரவில்லை. குரல் அடங்கும்வரை காத்திருந்து, புதிதாக அடுத்த வரியைத் தொடங்கினாள்.