புகைக்குப் பின் எழாத ஈக்கள்

கோடை விடுமுறை விட்டும் நாங்கள் மலையிலிருந்து இறங்கவில்லை. வெள்ளிமலைப் பள்ளியில் நான் ஆசிரியர், வாடகை வீடு. மலைக்குக் கீழே, மகள் ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் ஏசி பழுதாகிவிட்டது. வெயிலில் ஈக்கள் செத்துவிடும் என்று, பஞ்சால் வாயடைத்து ஈரத்துண்டில் சுற்றிய கண்ணாடிக் குழாய்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே இருந்தவை பழ ஈக்கள்.

"பலாப்பழத்தப் பொளந்தா தானா வரும். இதுங்களுக்கு பஸ் டிக்கெட் வேறயாடி?" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் காட்டு ஈம்மா. இதுங்க படிச்ச ஈ."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்று ஏறி இறங்கியது. பொங்கலுக்கு வந்தபோது அது இல்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "அப்புறம்பா" என்றாள். சின்ன வயதிலிருந்தே பருமன். உடம்பைப் பற்றி யார் பேசினாலும் முகம் சுருங்கிவிடும். மேற்கொண்டு கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் சன்னலைப் போர்வையால் மூடி, எனக்கு ஒரு மஞ்சள் கண்ணாடியை மாட்டிவிட்டு, நீல டார்ச்சை அடித்தாள். எல்லா ஈக்களின் வயிற்றிலும் புற்றுக்கட்டி வளரும்படி ஆராய்ச்சிக் கூடத்தில் செய்திருந்தார்கள். கட்டி மட்டும் பச்சையாக ஒளிரும். ஒரு வரிசைக் குழாய்களில் சாதாரண மக்காச்சோளக் கஞ்சி. மற்ற வரிசையில் சர்க்கரை அள்ளிப் போட்ட கஞ்சி. மெலிந்த ஈக்களில் ஒரு புள்ளிதான். சர்க்கரை தின்று கொழுத்தவற்றில் வயிறெங்கும் பரவியிருந்தது. ஈ தெரியவில்லை, பச்சை மட்டும் இருட்டில் ஊர்ந்தது.

"ஏன் இப்படி?"

"அதத்தாம்பா தேடிக்கினு இருக்கேன்."

அவள் விரல்கள் கழுத்தில் இருந்தன. அது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். மனைவி வழக்கம்போலச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தாள். மூலைமூலையாகக் காட்டியவள், குழாய்களின் அருகிலும் நின்றாள். "உங்களுக்கும் திருஷ்டி கழியட்டும்" என்று புகையும் தூபக் கரண்டியை அங்கேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மகள் திறந்தபோது எல்லா ஈக்களும் கஞ்சிமேல் மல்லாந்து கிடந்தன. சன்னலைத் திறந்துவிட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். தட்டினால் ஈ மேலே ஏறுமாம். நலமாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். வெகுநேரம் கழித்து மெலிந்த வரிசையில் ஒரு கால் அசைந்தது. ஒன்று ஏறியது. பிறகு பல ஏறின. சர்க்கரை வரிசையில் எதுவும் எழவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள். டார்ச்சை அடித்தாள். செத்த உடல்களுக்குள் கட்டி மட்டும் முன்போலவே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"தெரியாம பண்ணிட்டேன்டி" என்று மனைவி அழுதாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவ? ரெண்டுக்கும் ஒரே புகைதான போச்சு."

டார்ச்சை அணைக்காமல் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "காலைல கள்ளக்குறிச்சிக்கு மொத பஸ்சு எப்பப்பா?"

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிக்குள் ஊசி விட்டு உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. திரையில் அது சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தது. டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நான் பச்சையைத் தேடிக்கொண்டிருந்தேன்.