முன்னாடி போன வண்டியோட தடம்

1. மொத நாள்

கப்பல்லருந்து லாரிங்கள எறக்கினதும் ஹவில்தார் எங்க எல்லாரையும் வெயில்ல வரிசையா நிக்க வச்சார். வேலூர் பக்கத்து ஆளு. வாயத் தொறந்தா பாதி திட்டுதான் வரும், ஆனா நல்ல மனுஷன்.

"கண்ணுங்களா, ஊர்ல கத்துக்கின டிரைவிங்க இங்க மறந்துடுங்க. முன்னாடி போற வண்டியோட டயர் தடம் கீது பாரு, அதான் ரோடு. அதுக்கு வெளிய ரோடே இல்ல. பள்ளம் வந்தாலும் தடம், சேறு வந்தாலும் தடம். புதுசா தோண்டி மூடின மண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா பிரேக்க மிதி. எவன் திட்டினாலும் மிதி."

என் பக்கத்துல நின்ன தேசிங்குக்கு வாய் சும்மா இருக்காது. "சார், மொத வண்டிக்காரன் எந்தத் தடத்துல போவான்?"னு கேட்டான்.

"அவன் சாமி போட்ட தடத்துல போவான். மூடு வாய."

எல்லாரும் சிரிச்சோம். சிரிக்கிற வயசு. எங்கள்ல ஒருத்தனுக்கும் இருபத்திரண்டு தாண்டல.

நான் கன்னியப்பன், செங்கல்பட்டு. தேசிங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல கொக்கிலமேடு, மீன்புடிக்கிற வூட்டுப் பையன். ஒரே நாள்ல ஆள் எடுப்புக்கு ஓடி, ஒரே நாள்ல பட்டாளத்துல சேந்தோம். ரெண்டு பேரும் டிரைவர், த்ரீ டன் லாரி. சிலோனுக்கு அமைதிப்படை போவுதுன்னு சொன்னப்ப, நம்ம தமிழ் ஜனத்தக் காப்பாத்தப் போறோம்னுதான் லாரி ஏறினோம். சத்தியமா அப்படித்தான் நெனச்சோம். போன கொஞ்ச நாள்லயே காத்து மாறிப்போச்சு. யாரக் காப்பாத்த வந்தோமோ அவங்க பசங்களோடயே சண்டைன்னு ஆயிடுச்சு. அங்க இருந்தவங்களுக்கும் எங்களப் புடிக்கல, இங்க ஊர்ல இருந்தவங்களுக்கும் புடிக்கல. நடுவுல நாங்க ஸ்டியரிங்கப் புடிச்சிகினு உக்காந்திருந்தோம்.

கேபின் அடியில மணல் மூட்டை போட்டுக்குவோம். கண்ணிவெடி வெடிச்சா மணல் கொஞ்சம் தாங்கும்னு. டிரைவருக்கு மூட்டை இருந்துச்சு. பின்னாடி உக்காந்து வர்ற பசங்களுக்குப் பலகைதான்.

2. ஆட்டுக்குட்டி

அன்னிக்குக் கான்வாய்ல என் லாரி முன்னாடி, தேசிங்கு லாரி எனக்குப் பின்னாடி. காலைலயே ரோட்டுல கண்ணிவெடி கீதான்னு பாக்குற பார்ட்டி நடந்து போயி, ஓகேன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் பனை. தேசிங்கு லாரியில வடக்கத்தி மலைக்காட்டுச் சிப்பாய்ப் பசங்க. அதுல ஒருத்தன் எங்ககிட்டயிருந்து 'மச்சான்' கத்துக்கினு, ஆபீசர் தவிர எல்லாரையும் மச்சான் மச்சான்னுதான் கூப்புடுவான். அன்னிக்கும் ஏறும்போது, "போலாம் மச்சான்"னு தேசிங்கு தோளத் தட்டிட்டுத்தான் ஏறினான்.

ஒரு வேலி ஓரமா ஆட்டுக்குட்டி ஒண்ணு நின்னுகினு இருந்துச்சு. நான் தாண்டிட்டேன். தேசிங்கு வர்ற நேரத்துக்கு அது குறுக்க குதிச்சிடுச்சு. கடல்கர ஊர்க்காரனுக்கு ஆட்டுமேல என்ன பாசமோ, ஸ்டியரிங்க லேசா ஒடிச்சான். முன்சக்கரம் தப்பிச்சிது. பின்சக்கரம் தடத்த விட்டு ஒரு முழம் ஓரத்துல ஏறிச்சு.

சத்தத்த நான் எழுத முடியாது. என் மிரர்ல இருந்த லாரி, அடுத்த நொடி மிரர்ல இல்ல.

ஓடிப் போனேன். கேபின் தனியாப் பிச்சிகினு பக்கத்து வயல்ல கவுந்து கெடந்துச்சு. தேசிங்கு உள்ள ஸ்டியரிங்கப் புடிச்சமேனிக்கு உக்காந்திருந்தான். ஒடம்புல கீறல்கூட இல்ல. பின்னாடி இருந்தவங்க யாரும் இல்ல. மச்சான்னு கூப்புட்ட அந்தப் பையனையும் சேத்துத்தான் சொல்றேன். அந்த ஆட்டுக்குட்டி வேலிக்கு அந்தாண்ட நின்னு கத்திகினு இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல எங்க ஆளுங்க பக்கத்து ஊருக்குள்ள பூந்தாங்க. வூட்டுக்கு வூடு ஆம்பளைங்கள இழுத்து ரோட்டுல முட்டி போட வச்சாங்க. ஒரு அம்மா என் சட்டைல இருந்த பேரப் படிச்சிட்டு என் கையப் புடிச்சிகினாங்க. "தம்பி, நீங்களும் தமிழ்தானே? அவருக்கு ஒண்டும் தெரியாது, சொல்லுங்கோ தம்பி"ன்னாங்க. நான் ஆபீசர்கிட்ட இந்தியில சொன்னேன். அவர் செத்துப்போன தன் பசங்கள வாரிப்போட்டுக்கினு இருந்தார், என் பேச்சு அவர் காதுல ஏறல. அந்தம்மா வூட்டுக்காரர லாரியில ஏத்தினாங்க. எந்த லாரியில? என் லாரியிலதான். கேம்ப் வாசல்ல எறக்கி விட்டேன். அப்புறம் அவர் என்ன ஆனார்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

3. பஞ்சாப் டூட்டி

தொண்ணூறுல திரும்பி வந்தோம். மெட்ராஸ் துறைமுகத்துல எறங்கினப்ப, என் கண்ணுக்குத் தெரிஞ்சு நம்ம ஜனம்னு ஒருத்தர் வரல. வராதது நல்லதுன்னு தோணுச்சு. லீவுல ரயிலேறும்போது ரெண்டு பேரும் யூனிஃபார்மக் கழட்டிப் பைக்குள்ள திணிச்சிட்டோம். கூடுவாஞ்சேரி தாண்டும்போது எதுத்தாப்புல இருந்த பெரியவர், "தம்பிங்க பட்டாளமா? முடியப் பாத்தாலே தெரியுது. எங்க டூட்டி?"ன்னார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள தேசிங்கு முந்திக்கினான்.

"பஞ்சாப், சார்."

அப்படி ஆரம்பிச்சதுதான். ஊர்ல கேட்டாலும் பஞ்சாப், பொண்ணு பாக்கப் போன எடத்துல கேட்டாலும் பஞ்சாப். அவன் கட்டிக்கின செல்விக்கே ரொம்ப நாள் தெரியாது. கொக்கிலமேட்டுல பசங்க கடல்கரைல ஒக்காந்து சிலோன் சமாச்சாரம் பேசி, "போனானுங்களே நம்மாளுங்க, எல்லாம் கொலகாரப் பசங்க"ன்னு திட்டுவானுங்க. தேசிங்கு பக்கத்துலயே ஒக்காந்து வலை முடிஞ்சிகினு, "ஆமாண்டா"ன்னு சொல்லுவான். இத அவனே எங்கிட்ட சொல்லியிருக்கான். சொல்லிட்டு, "தப்பா சொல்றாங்கன்னு எப்படிச் சொல்றது மச்சான்?"னு கேட்டான்.

சர்வீஸ் முடிச்சிட்டு வந்தப்புறம், கூடுவாஞ்சேரியில வண்டி கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டின ஒரு மொதலாளிகிட்ட ரெண்டு பேரும் டிரைவரா சேந்தோம். மாமல்லபுரத்துல காலைல எடுத்து, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியா காலேஜ் பசங்கள ஏத்திகினு பொத்தேரி போவணும். சாயங்காலம் திரும்பணும். ஒரே ரூட்டு, ரெண்டு பஸ்.

4. பசங்கள எறக்கினது

கேபிள் போடுறோம்னு ரோட்டத் தோண்ட ஆரம்பிச்ச காலம் அது. நம்ம ஊர்ல தோண்டுறவன் ஒழுங்கா மூட மாட்டானே. மண்ணத் தள்ளி மேடாக்கிட்டுப் போயிடுவான். திருக்கழுக்குன்றம் தாண்டி மொத மொதல்ல குறுக்க அப்படி ஒரு மண்ணப் பாத்த தேசிங்கு, பிரேக்கப் போட்டவன் போட்டவன்தான். பின்னாடி ஹாரன் மேல ஹாரன். நான் பஸ்ஸ ஓரங்கட்டிட்டு எறங்கிப் போயி பாத்தா, ஸ்டியரிங்கப் புடிச்சிகினு உக்காந்திருக்கான். அந்த வயல்ல எப்படி உக்காந்திருந்தானோ அப்படியே.

"டேய், இது கேபிள்காரன் தோண்டினதுடா."

"தெரியும் மச்சான். கால் வரமாட்டேங்குது."

"சரி. நான் முன்னாடி போறேன். என் தடத்துல வா."

வந்தான். அச்சு பிசகாம என் டயர் தடத்துலயே வந்தான். அன்னியிலருந்து என் பஸ் முன்னாடி, அவன் பஸ் பின்னாடி. பசங்க எங்களுக்கு 'மாப்ள பொண்ணு'ன்னு பேர் வச்சிட்டாங்க. வச்சா வச்சிட்டுப் போட்டும், பொழப்பு ஓடுச்சு. அவனுக்கு இந்த வேலை போனா செல்வி மறுபடியும் கருவாட்டுக் கூடை தூக்கணும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு தடவ என் பஸ்ஸ எஃப்.சி.க்கு விடவேண்டியதாப் போச்சு. தேசிங்கு மொதலாளிகிட்ட லீவு கேட்டான். "ஆளு இல்லபா, ஒரு நாள் ஒண்டியா ஓட்டமாட்டியா?"ன்னுட்டார். அன்னிக்கு மழ வேற. மண்ணு கொழகொழன்னு கெடந்துச்சு. தேசிங்கு என்ன செஞ்சான் தெரியுமா? பஸ்ஸ நிறுத்தி, "எல்லாரும் எறங்குங்க, எறங்குங்க"ன்னு கத்தி, அத்தன பசங்களையும் மழைல எறக்கிட்டான். தார் இருந்த ஓரத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நடக்க வச்சு, அந்தாண்ட போவ விட்டான். அப்புறம் காலி பஸ்ஸ ஒண்டியா ஓட்டிகினு தாண்டினான். தாண்டினதும் படிக்கட்டுல ஒக்காந்து வாந்தி எடுத்தானாம். பசங்க சொன்னாங்க.

மறுநாள் பொண்ணு ஒண்ணோட அப்பா வந்து கத்தினார். மொதலாளி எங்க ரெண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்புட்டார்.

"இன்னாபா தேசிங்கு, பசங்கள ஏன் எறக்குன? குடிச்சிகினு வந்தியா?"

"இல்ல மொதலாளி. நான் ஓட்டினா பின்னாடி இருக்கிறவங்க போயிடுறாங்க. நான் மட்டும் இருந்துடுறேன். அதான் எறக்கிட்டேன்."

"எங்கய்யா போயிடுறாங்க? பஞ்சாப்லயா?"

தேசிங்கு என்னப் பாத்தான். அப்புறம் தரையப் பாத்து, "பஞ்சாப் இல்ல மொதலாளி. சிலோன்"ன்னான்.

எங்க மொதலாளி கெட்டவர் இல்ல. அத மொதல்ல சொல்லிடணும். அந்த ஜனத்துக்காகப் பஸ் ஸ்டாண்டுல பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தவர், அகதியா வந்தவங்களுக்குத் தன் வூட்டுத் துணிய எடுத்துக் குடுத்தவர். அவர் மொகம் மாறிப்போச்சு.

"அங்க போனவனாய்யா நீ? எங்கிட்டயேவா சம்பளம் வாங்குன?"

"நான் யாரையும் சுடல மொதலாளி. லாரிதான் ஓட்டினேன்."

"சுடறவன ஏத்திகினு போனல்ல?"

"ஆமா மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னான். எனக்குத்தான் ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. "நானும்தான் போனேன். அப்ப எங்கள அனுப்பினவங்களப் போயி கேளுங்களேன்! இருபது வயசுப் பையன லாரியில உக்கார வச்சு அனுப்பிட்டு, வந்தப்புறம் மூஞ்சத் திருப்பிக்கினா நாங்க எங்க போறது?"ன்னு கத்திட்டேன். மொதலாளி கைய நீட்டினார். ரெண்டு பேர் சாவியையும் வாங்கி டிராயர்ல போட்டுட்டார். பொத்தேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாவே நடந்தோம். அங்கயும் ரோட்ட அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்தாங்க. தேசிங்கு என் பின்னாடியே, நான் கால் வச்ச எடத்துல கால் வச்சு வந்தான்.

5. செல்வியோட ஃபோன்

நான் வேற வண்டிக்குப் போயிட்டேன். தேசிங்கு அவன் அண்ணனோட மீன்புடி போட்டுல வேலைக்கு ஏறிட்டான். "கடல எவனும் தோண்டி மூட முடியாது மச்சான்"ன்னு சொல்லுவான். ரெண்டு மூணு வருசம் நல்லாத்தான் இருந்தான். நானும் அப்பாடான்னு இருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்புட்டுக்கினு இருக்கும்போது செல்வி ஃபோன் பண்ணுச்சு. அதுக்குள்ள அதுக்கு சிலோன் வெசயமெல்லாம் தெரியும்.

"அண்ணா, இவருக்கு நெஞ்சு வலிண்ணா. வேர்த்துக் கொட்டுது. ஆட்டோ வந்து ரோட்டுல நிக்குது. தெருவுல தண்ணி பைப்புக்குத் தோண்டி மூடி வச்சிருக்காங்க, இவரு தாண்ட மாட்றாருண்ணா. நான் முன்னாடி போறேன், பின்னாடி வாங்கன்னு சொன்னா, என்னப் புடிச்சிகினு விடமாட்றாரு."

"ஃபோன அவன்கிட்ட குடும்மா."

மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு. நான் சோத்துக் கையோட எழுந்து நின்னுட்டேன். "டேய் தேசிங்கு, கன்னியப்பன்டா. நான் முன்னாடி போறேன்டா. நான் தாண்டிட்டேன். என் தடத்துல வாடா!"

"உன் தடம் தெரியல மச்சான்"ன்னான்.

கடைசியில அண்ணன் பசங்க நாலு பேரு அவனக் கட்டிலோட தூக்கினாங்க. தூக்கினவங்களப் போட்டு ஒதச்சானாம். "எறங்குங்கடா, எல்லாம் எறங்குங்கடா"ன்னு கத்திகினே போனானாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்னுகினு இருந்தேன். ஆட்டோ வந்துச்சு. செல்வி மொகத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

இத எழுதச் சொன்ன டிரைவர் சங்கத்துக்காரங்க, கடைசியில புது டிரைவர் பசங்களுக்கு நாலு நல்ல வார்த்த சொல்லுங்கன்னாங்க. எங்கிட்ட நாலு இல்ல, ஒண்ணுதான் இருக்குது. ரோட்டுல தோண்டி மூடின மண்ணுக்கு முன்னாடி எவனாவது வண்டிய நிறுத்திகினு நின்னா, ஹாரன் அடிக்காதீங்க, வூட்ல சொல்லிட்டு வந்தியான்னு கேக்காதீங்க. அவன் எங்க போயிட்டு வந்தவன்னு உங்களுக்குத் தெரியாது. பக்கவாட்டுல எடம் இருந்தா ஒதுங்கி, நீங்க முன்னாடி போங்க. மெதுவாப் போங்க, தடம் நல்லா பதியட்டும். அவன் உங்க பின்னாடி வந்துடுவான்.