மரை போட்ட ஆணி

நான் பிறந்த வீட்டுத் தோட்டத்துத் தென்னை அடியில் மாப்பிள்ளையின் மெட்டல் டிடெக்டர் கீச்சிட்டது. தோண்டினால் துருப்பிடித்த இரும்பு முனை.

"அம்பு முனைங்க, அத்தை!"

"இல்லீங்க மாப்பிள்ளை, என்ற பம்பரத்து ஆணி."

அதில் திருகு மரை தெரிந்தது. லேத்துப் பட்டறை எண்ணெய் வாடையோடு வீடு திரும்பும் அப்பா எனக்காகக் கடைந்தது. மற்றவர்கள் ஆணியைப் பம்பரக் கட்டையில் அடித்திருப்பார்கள்; குத்து வாங்கினால் கழன்றுவிடும். என்னுடையது திருகி ஏற்றியது, அசையாது. அதனால்தான் ஒரு ஆட்டத்தில் அண்ணனின் பம்பரத்தை இரண்டாகப் பிளக்க முடிந்தது.

மறுநாள் என் பம்பரத்தைக் காணோம். "எங்காச்சும் தொலைச்சுப்போட்டிருப்பா" என்றார் அண்ணன். அம்மாவும் நம்பிவிட்டாள்.

இப்போது ஈரோட்டில் இருக்கும் அவருக்கு உடனே போன் போட்டேன். "அண்ணா, என்ற பம்பரத்து ஆணி கெடச்சிருச்சுங்க."



"அந்தத் தென்னைமரம் இன்னும் இருக்குதா, அம்மணி?"