கம்பனி மாறிய தாடிக்காரன்

நோர்வூட் பஸ்ஸில் கண்டக்டர் தன் போனை டிரைவரிடம் காட்டினார். ரெஸ்லிங் வீரர் ஒருவர் எதிர்க் கம்பனிக்குப் போய்விட்டாராம். "அங்க போனா அவன் கத முடிஞ்சிரும்ண்ணே," என்றார். முன் சீட்டில் இருந்த எனக்கு சின்ன வயதில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

அந்த வரிசை வீடுகளிலேயே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மட்டும்தான் டிவி. மத்தியானம் ரெஸ்லிங் தொடங்கினால் ஈரக் கம்பளி நாற்றமும் பீடிப் புகையுமாக அறை நிறைந்துவிடும். நாங்கள் தாடிக்காரன் என்று கூப்பிட்ட வீரன் கம்பனி மாறிய வாரம், அப்பாவுக்கும் அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் பெரிய வாக்குவாதம்.

"புது எடத்துல பழைய ஆளுங்களத்தான் ஜெயிக்க விடுவாங்க. இவன் அடி வாங்கத்தான் லாயக்கு," என்றார் அப்பா.

"தெறம இருந்தா எங்க போனாலும் பொழச்சுக்குவான் மச்சான்."

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே பேசினார்.

"நான் பொறந்த தோட்டத்துல என்னைய மாதிரி கொழுந்து எடுக்க ஆளில்ல. நல்ல தேயில நெரையாத்தான் குடுப்பாங்க. ஒங்களக் கட்டிக்கிட்டு இங்க வந்த மொத நாளு, கங்காணி அட்ட கடிக்கிற ஓர நெரையக் காட்டுனாரு. பதினோரு வருசமாச்சு, இன்னமும் அந்த ஓரந்தான். அதுக்கு யாராச்சும் இப்பிடி ஒக்காந்து பேசுனீங்களா?"

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். தாடிக்காரன் அன்று தோற்றான்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், போன எடத்துல நல்லா வருவானா?" என்று கண்டக்டர் திரும்பிக் கேட்டார்.

"மொதல்ல எந்த நெரையக் குடுக்கிறாங்கன்னு பாப்போம்," என்றேன்.