எக்கோவை நிறுத்த மாட்டேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதை நடத்தியவர் ஊரின் பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த பாய் ஒருவர், கிதாரும் அவர்தான். பெண் குரலுக்கு நான். ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். நைனா கடலுக்குப் போவார், அம்மா பொன்னேரிச் சந்தையில் மீன் விற்பாள். நான் மேடையேறுவதைப் பற்றிக் குப்பத்தில் யார் என்ன பேசினாலும் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பாய் சென்னையிலிருந்து பழைய எக்கோ மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு நாடா வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு குமிழைத் திருகினால் கல் மண்டபத்துக்குள் பாடுவதுபோல் குரல் நிறையும். இன்னொன்றைத் திருகினால், பாடிய சொல் கொஞ்சம் தாமதித்து இரண்டு மூன்று தடவை திரும்பி வரும். உப்புக் காற்று பட்டால் கெட்டுவிடும் என்று பாய் அதைப் போர்வையில் சுற்றி வைப்பார்.

எனக்கு அதை விட மனமில்லை. ஒரு வரியைப் பாடி நிறுத்தி, அது திரும்பி வரும்போது அதன் மேலேயே வேறு சுரத்தைப் பிடித்தால், இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவதுபோல் இருந்தது. நேரம் தப்பினால் வெறும் இரைச்சல். பாய் வீட்டு மாடியில் வாரக்கணக்கில் பழகினேன்.

அந்த வருஷம் அம்மன் திருவிழாவுக்கு எங்கள் குப்பத்திலேயே கச்சேரி வைத்தார்கள். சொந்த ஊரில் எனக்கு அதுதான் முதல் மேடை. எங்கள் குழுவின் ஆண் பாடகர் முதலில் பாடினார். எக்கோவோடு மூன்று பாட்டு. கைதட்டல் ஓயவில்லை. அடுத்து நான் மைக்கைப் பிடித்ததும் விழாக்குழுத் தலைவர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"இந்தாம்மா, அந்த மிஷின நிறுத்திட்டுப் பாடு. பாடுறது நீயா, பொட்டியான்னு ஊரு பாக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. பாயின் கை சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்திட்டே பாடிரு தங்கச்சி. உன் குரலுக்கு இன்னா கொறச்சல்?" என்றார் மெதுவாக.

அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். எக்கோ இல்லாமலும் என்னால் பாட முடியும். ஆனால் எதற்காக நான் மட்டும் நிரூபிக்க வேண்டும்? மைக்கிலேயே கேட்டேன்:

"அண்ணன் மூணு பாட்டு பாடுனாரே, அவர ஏன் நிறுத்தச் சொல்லல?"

'சொல்லல, சொல்லல' என்று மிஷினும் கேட்டது. இந்த முறை கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அவன் ஆம்பள. அவன் குரலு எங்களுக்குத் தெரியும்."

"என் குரலு தெரியாதா? பொறந்ததுலேர்ந்து இந்தக் குப்பத்துலதான கத்திக்கினு கெடக்குறேன்?"

"இப்ப நிறுத்துவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப கீழ எறங்கு."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள். சந்தையில் கூவிப் பழகிய தொண்டை.

"அவ எறங்க மாட்டா. நீ எறங்கு, மறைக்குது!"

பாய் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையால் எக்கோவை இன்னும் கொஞ்சம் கூட்டினார். நான் பாடினேன். மாடியில் பழகியதெல்லாம் அன்று சரியாக வந்து விழுந்தது; திரும்பி வந்த ஒவ்வொரு வரியின் மேலும் என் இன்னொரு குரல் ஏறி நின்றது. தலைவர் எப்போது இறங்கிப் போனார் என்று நான் பார்க்கவில்லை.

கடைசியில் ஆண் பாடகருக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு இல்லை. அதன் பிறகு கரையில் நைனாவைப் பார்த்தால் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் குழுவைக் குப்பத்துக்குக் கூப்பிடவே இல்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. பக்கத்து ஊரான திருப்பாலைவனத்திலிருந்து பாயைத் தேடி வந்தவர்கள், "ரெண்டு குரல்ல பாடுற பொண்ண இட்டுக்கினு வாங்க" என்றார்கள். போனேன். அங்கேயும், பாடுவது பெட்டிதான் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று குமிழைத் திருகிவிட்டுப் பாட ஆரம்பித்தேன்.