செம்மண் பூசிய மரம்

ஈரச் செம்மண்ணில் ரப்பர்ப் பால் கலந்தால் லேசாகப் புளித்த ஒரு வாசனை வரும். பத்து வயதில் என் விரல்களில் ஏறிய அந்த வாசனை, போன வாரம் சிரம்பானில் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது எங்கிருந்தோ திரும்பி வந்தது.

மலாயாவில் தம்பின் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மா பால் வெட்டினாள். ஒருத்திக்கென்று விட்ட மர வரிசையை 'நிரை' என்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள்களில் நானும் அவளோடு போய், பால் வடியும் 'மங்கு'க் கோப்பைகளைத் துடைத்துக் கொடுப்பேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கினால் அது 'காயம்'. காயம் போட்டவளின் நிரை பறிபோகும், நிரை போனவளின் பெயர்தான் கப்பலுக்கு முதலில் எழுதப்படும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குழந்தைகளுக்கும் தெரியும். "கத்தியத் தொட்டே, வெரல ஒடிச்சுப்புடுவேன்" என்று அம்மா சொல்வது அதனால்தான்.

ஒரு நாள் அவள் கத்தியை மரத்தடியில் வைத்துவிட்டு, வாளியோடு பால் ஊற்றப் போன நேரம் பார்த்து நான் எடுத்தேன். அம்மாவின் மரத்தில் பழகினால் அம்மா மாட்டிக்கொள்வாள் என்று யோசித்து, பக்கத்து நிரையில் பாக்கியத்தக்காவின் கடைசி மரத்துக்குப் போனேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஒரே இழுப்பில் வெள்ளைக் கட்டை தெரிந்தது. பெரியவர்கள் சிலர் செய்வதைப் பார்த்திருந்ததால், செம்மண்ணைக் குழைத்து அதன்மேல் அப்பினேன்.

அன்று மாலை பெய்த மழை மண்ணைக் கழுவிவிட்டது. மறுநாள் காலை கங்காணி அந்த மரத்தடியில் நின்று கத்துவது கேட்டு அம்மாவும் நானும் ஓடினோம்.

"ஏம் பாக்கியம், பால் வெட்டுறியா, ஆடு அறுக்குறியா?"

"எங் கை இப்பிடிப் போவாதுங்க. வேற எவ கத்தியோ."

"ஆமாமா, கத்தி தனியா நடந்து வந்துச்சு!"

பாக்கியத்தக்கா ஒற்றை ஆள்; கப்பலேற்றினால் போய் இறங்க அவளுக்கு ஊரில் ஒரு வாசல்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். அம்மா குனிந்து வெட்டில் கட்டைவிரலை ஓட்டினாள். அவள் கத்தி முனையில் சின்னதாக ஒரு பல் விழுந்திருந்தது. அது போன இடமெல்லாம் மயிரிழைபோல் ஒரு கோடு விழும். அந்தக் கோடு அங்கே இருந்தது.

"இது எங் கத்திங்க" என்றாள்.

"ஒங் கையா?"

"எங் கத்திங்க."

அவ்வளவுதான். பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. மீதியைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது, எனக்கென்றே விட்டதுபோல. நான் கையிலிருந்த மங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நிரையைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவைக் கூலி குறைந்த புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பெயரையும் எழுதிவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் பயந்துகிடந்தோம், எழுதவில்லை. அம்மா அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கமாட்டாளா, தலைவாரிவிடும்போதாவது கேட்கமாட்டாளா என்று நான் ஏங்கினேன். மரத்தில் காயம் பட்ட இடம் முண்டாக வீங்கிக்கொண்டே வந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, வகுப்பிலிருந்த உலக உருண்டையை உடைத்தது தான்தான் என்றும், அடி வாங்கியது பக்கத்தில் உட்காரும் பெண் என்றும் சொல்லி அழுதாள். "யாரும் பாக்கலல்ல? வாய மூடிக்கிட்டு இரு" என்றேன். நாலு எழுத்து படித்த நான்தான் சொன்னேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அவளை உட்காரவைத்து மரத்தின் கதையைச் சொன்னேன்.

"அப்புறம் எப்பம்மா போய்ச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

பழைய மரங்களையெல்லாம் சாய்த்து மறுநடவு செய்துவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் இளங்கன்றுகள். அந்த முண்டும் ஏதோ ஓர் அடுப்பில் எரிந்திருக்கும். பாக்கியத்தக்கா எங்கே போனாளென்று தெரியாது, அம்மாவும் இல்லை. சொல்வதற்கு எனக்கு யாரும் மிச்சமில்லை. மகளுக்கு இருந்தார்கள்.

மறுநாள் காலை அவளோடு வகுப்பு வாசல்வரை நடந்தேன். உள்ளே அவள் தனியாகத்தான் போனாள்.